சிறுகொடையும் இளையோர் விளையாட்டும்

கல்லூரிகளுக்கு யூபிலி ஆண்டு வரும்போது பெருங்கொடைகள் நினைவிற்கு வருதல் இயல்பு. மண்டபம் எழுப்பியவர் பெயர் கல்லிற் பொறிக்கப்படுகின்றது. மைதானம் திருத்தியவர் படம் சுவரில் மாட்டப்படுகின்றது. இவையெல்லாம் வேண்டற்பாலனவே. ஆயினும், கல்லிற் பொறிக்கத் தகாத அளவு சிறியதொரு கொடை, உரிய காலத்தில் உரிய கையிற் சேருமாயின் எத்துணைப் பயன் விளைக்கும் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. உதவியின் அளவைப் பொருளின் பருமன் கொண்டு அளத்தலாகாது, பெற்றவரது சால்பு கொண்டே அளத்தல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறி விளையாட்டுத் துறையில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதனை, நம்மவருட் பலர் இன்னும் கண்டிராத விளையாட்டொன்றினைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம். அவ்விளையாட்டு, பறக்கும் தட்டினைக் கொண்டு ஆடப்படும் 'அல்டிமேற்' என்பது.

மாணவர் கண்ட விளையாட்டு

பெரும்பாலான விளையாட்டுகளின் பிறப்பிடம் நமக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அல்டிமேற்றுக்கோ ஊரும் ஆண்டும் உண்டு. கடற்கரைகளிற் சிறுவர் வீசி மகிழும் பிளாஸ்ரிக் தட்டினை நம்மிற் பலர் கண்டிருப்பர். அமெரிக்கராகிய பிரெட் மொறிசன் வடிவமைத்த அத்தட்டினை 'வம்-ஓ' என்னும் கம்பனியார் 1957ஆம் ஆண்டில் விற்கத் தொடங்கி, அவ்வாண்டிலேயே அதற்குப் 'பிறிஸ்பீ' என்ற பெயரையும் இட்டனர். பதினோராண்டுகள் அது வெறும் பொழுதுபோக்குப் பொருளாகவே இருந்தது.

1968ஆம் ஆண்டில், நியூ ஜேர்சி மாநிலத்து மேப்பிள்வூட் என்னும் ஊரிலுள்ள கொலம்பியா உயர்நிலைப் பாடசாலையின் மாணவர் மன்றக் கூட்டத்தில் ஜோயல் சில்வர் என்னும் மாணவர் எழுந்து, இத்தட்டு விளையாட்டினைப் பாடசாலையிற் சேர்ப்பது பற்றி ஆராயக் குழுவொன்று அமைத்தல் வேண்டும் என்று பிரேரித்தார். வேடிக்கையாகக் கூறப்பட்ட அப்பிரேரணை நிறைவேறியும் விட்டது. வேடிக்கை பின்னர் வினையாயிற்று. மாணவர் மன்றத்தாரும் பாடசாலைப் பத்திரிகைக் குழுவினரும் எதிரெதிரே நின்று ஆடினர். பாடசாலையின் வாகனத் தரிப்பிடமே அவர்தம் மைதானம். அங்கு நின்ற மின்விளக்குகளே இரவிற் கைகொடுத்தன. சில்வரும் அவர்தம் தோழர்களாகிய பசி ஹெல்றிங், ஜோன் ஹைன்ஸ் என்போரும் விதிகளை எழுதித் திருத்தினர், அவை அச்சேறின, அயற் பாடசாலைகளுக்கும் பரவின. 1970ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் மில்பேண் உயர்நிலைப் பாடசாலையுடன் நடந்த, பாடசாலைகளுக்கிடையேயான முதற் போட்டியிற் கொலம்பியா 43க்கு 10 என்ற கணக்கில் வென்றது. 1972ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் றட்கேர்ஸ், பிறின்ஸ்ரன் ஆகிய உயர்கல்வி நிலையங்கள் மோதிய போட்டியில் றட்கேர்ஸ் 29க்கு 27 என வெற்றி பெற்றது.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவாம். 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆட்டக்காரர் சங்கம் தோன்றியது. 1985ஆம் ஆண்டில் பறக்கும் தட்டு விளையாட்டுகளுக்கான உலக சம்மேளனம் எழுந்தது. 2015ஆம் ஆண்டில் சர்வதேச ஒலிம்பிக் குழு அச்சம்மேளனத்துக்கு முழு அங்கீகாரம் வழங்கியது. 2019ஆம் ஆண்டில் வேர்மொன்ற் மாநிலம் இதனை உயர்நிலைப் பாடசாலைகளின் முறைசார்ந்த போட்டி விளையாட்டுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது; அமெரிக்க மாநிலங்களுள் அவ்வாறு செய்த முதல் மாநிலம் அதுவே.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. தொடக்கத்தில் அம்மாணவருக்குக் கிடைத்த உதவி யாது? ஆட ஓர் இடம்; அங்கு ஆடலாம் என்ற இசைவு; விதிகளை அச்சிடச் சில தாள்கள். இவ்வளவே. அன்று எவரேனும் அவ்விடத்திலிருந்து அவர்களைத் துரத்தியிருந்தால் இக்கதை அங்கேயே முடிந்திருக்கவும் கூடும்.

ஆடும் முறை

ஒரு பக்கத்துக்கு எழுவராக இருபக்கத்தினர் ஆடுவர். உலக சம்மேளன விதிப்படி மைதானம் 100 மீற்றர் நீளமும் 37 மீற்றர் அகலமும் உடையது. இரு முனைகளிலும் 18 மீற்றர் ஆழமுள்ள இலக்கு வலயங்கள் உள. தட்டின் நிறை 175 கிராம். தட்டினைக் கையில் ஏந்தியவர் ஓடுதல் கூடாது; ஒரு காலை ஊன்றி நின்று தம் தோழருக்கு எத்திசையிலும் எறியலாம். எதிர்நிற்பவர் பத்து வரை உரக்க எண்ணி முடிப்பதற்குள் எறிந்துவிடல் வேண்டும். தட்டு நிலத்தில் வீழ்ந்தாலோ, எல்லையைக் கடந்தாலோ, எதிரணியார் தடுத்தாலோ ஆட்ட உரிமை அவர்களைச் சாரும். எதிரியின் இலக்கு வலயத்தினுள் நின்று தட்டினைப் பற்றுபவர் தம் அணிக்கு ஒரு புள்ளியை ஈட்டுவார். முழுமையான போட்டி வழக்கமாகப் பதினைந்து புள்ளி வரை செல்லும். உடலோடு உடல் மோதுதல் விலக்கப்பட்டுள்ளது. ஆண்களும் பெண்களும் ஒரே அணியிற் கலந்தாடும் பிரிவும் உலகப் போட்டிகளில் உண்டு.

இவ்விளையாட்டின் தனிச்சிறப்பு யாதெனின், மத்தியஸ்தர் இல்லாமையே. உலகப் போட்டிகளிற்கூட ஆலோசகர் சிலர் உடன் நிற்பதுண்டாயினும், தீர்ப்பு ஆட்டக்காரருடையதே. தமக்குத் தவறு இழைக்கப்பட்டதென ஒருவர் கருதினால் அதனை வாய்விட்டுக் கூறுவார், ஆட்டம் நிற்கும். மற்றவர் அதனை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்தால், பெரும்பாலும் தட்டு முன்னர் எறிந்தவரிடமே மீளும், ஆட்டம் தொடரும். உரத்த குரலுடையார் வெல்லுதற்கு இங்கு இடமில்லை. ஆட்டம் முடிந்தபின் ஒவ்வோர் அணியும் எதிரணியின் நடத்தைக்குப் புள்ளி வழங்கும். விதியறிவு, மோதல் தவிர்த்தல், நடுவுநிலைமை, நல்லெண்ணமும் தன்னடக்கமும், உரையாடும் முறை என ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. இதனை 'விளையாட்டின் ஆன்ம உணர்வு' என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர்.

வகுப்பறையில் வாய்மையைப் பற்றிப் பாடம் சொல்வது எளிது. ஒரு புள்ளியால் தோற்கும் நிலையில், "ஆம், என் கை பட்டது, தவறு என்னுடையதே" என்று ஒரு மாணவன் தானே கூறும்படி பயிற்றுவது அரிது. அதனைப் பயிற்றும் களமாக இவ்விளையாட்டு அமைந்திருத்தலாலேயே, ஆசிரியராகிய நாம் இதன்பால் ஈர்க்கப்பட்டோம்.

செலவும் சிறுகொடையும்

இனிச் செலவினைப் பார்ப்போம். கம்பங்கள் வேண்டா, வலை வேண்டா, மட்டை, காற்காப்பு, தலைக்கவசம் எவையும் வேண்டா. முப்பது மாணவர் இருவர் இருவராக எறிந்து பழகப் பதினைந்து தட்டுகள் போதும். அவற்றின் மொத்த நிறை 2,625 கிராம். ஒரு துணிப்பையில் இட்டுச் சைக்கிளின் கைபிடியில் தொங்கவிட்டுக் கொண்டு செல்லலாம். மைதானத்தின் நான்கு மூலைகளையும் இலக்கு வலயக் கோடுகளின் நான்கு முனைகளையும் குறிக்க எட்டுக் கூம்புகள். அவையும் இல்லையெனின் எட்டுக் கற்கள். இரு அணிகளையும் வேறுபடுத்த இரு நிறச் சட்டைகள்.

இத்துணை எளியதாயின் கொடை எதற்கு என்று வினவலாம். இங்குதான் சிறுகொடையின் நுட்பம் உளது. மிகச் சிறிய செலவும் எவரது பொறுப்பும் அன்றாயின் அது நிகழாமலே போகும். பாடசாலையின் விளையாட்டு நிதி முன்னரே உள்ள விளையாட்டுகளுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். புதியதொன்றுக்கு அதில் இடமிராது. பெற்றோர் கேட்டறியாத விளையாட்டுக்குப் பணம் தாரார். ஆர்வமுள்ள இளம் ஆசிரியர் முதல் மாதம் தம் சம்பளத்திலிருந்து கொடுப்பார். இரண்டாம் மாதமும் கொடுப்பார். மூன்றாம் மாதம் தயங்குவார். அத்தயக்கம் நேரும் தறுவாயிற் சேரும் தொகையே சிறுகொடை.

அமெரிக்காவில் இவ்விளையாட்டினைத் தாங்கி நிற்பன நகர்தோறும் உள்ள தன்னார்வச் சங்கங்கள். தொழில் புரியும் ஆண்களும் பெண்களும் வார இறுதியில் ஆடுவதற்குக் கட்டணம் செலுத்துவர். மைதான வாடகை முதலியன போக எஞ்சுவதில் ஒரு பகுதியை இளையோர் பயிற்சிக்கு ஒதுக்கும் வழக்கம் அத்தகைய சங்கங்கள் பலவற்றில் உண்டு. தாம் ஆடி மகிழ்ந்ததற்குரிய கடனை, அடுத்து வருவோருக்குச் செலுத்துவதாக அதனைக் கொள்ளலாம்.

இவ்வாறு வழங்கப்படும் தொகை பெரும்பாலும் நான்கு வழிகளிற் பயன்படும். முதலாவது, தட்டுகள், கூம்புகள் முதலிய தொடக்கப் பொருள்கள். இரண்டாவது, பயிற்றுநரைப் பயிற்றல்; விதிகளையும் எறியும் முறைகளையும் ஆசிரியர் ஒருவர் ஓரிரு நாட் பயிற்சியிற் கற்றுக்கொண்டால், அவர் வழியாக ஆண்டுதோறும் புதிய மாணவர் கற்பர். மூன்றாவது, போக்குவரத்தும் உணவும். வேற்றூர் சென்று ஒரு போட்டியேனும் ஆடாத அணி நெடுநாள் நிலைப்பதில்லை. நான்காவது, கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளுக்கான சலுகை.

இந்நான்கனுள் இறுதியானதே கையாள்வதற்கு மிகக் கடினமானது என்பது நம் கருத்து. இதற்கு நம் அனுபவம் ஒன்றினைச் சான்றாகக் கூறுவோம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பொறுப்பாயிருந்த விளையாட்டணி ஒன்றில் நல்ல வேகமுள்ள மாணவன் ஒருவன் இருந்தான். பயிற்சிக்கு ஒருநாளும் தவறாதவன், வெளியூர்ப் போட்டிக்குப் புறப்படும் காலையில் வரவில்லை. அக்கறையற்றவன் என்று எண்ணி அடுத்த அணியில் அவன் பெயரை நீக்கினோம். பேருந்துச் செலவுக்கென நாம் அனைவரிடமும் கேட்ட தொகை அவன் வீட்டில் இருக்கவில்லை என்பது ஓராண்டின் பின்னரே நமக்குத் தெரிய வந்தது. அவன் வாய் திறந்து கேட்கவில்லை, நாமும் வினவவில்லை. பிழை அவனுடையதன்று. அதன்பின் அவன் எவ்விளையாட்டிலும் சேரவில்லை. அத்தொகை இன்று நினைத்தாலும் நாணத்தக்க அளவு சிறியது.

ஆதலின், சலுகை வேண்டுவோர் கையுயர்த்துக என்று கேட்பது சலுகையை மறுப்பதற்கு ஒப்பாகும். அனைவருக்கும் பொதுவாகப் பேருந்துச் செலவை ஏற்பது, அல்லது வகுப்பாசிரியர் வழியாக மறைவாகச் செலுத்துவது என்பனவே தக்க வழிகள்.

கொடுக்கும் முறை

சிறுகொடை வழங்குவோர் கைக்கொள்ள வேண்டிய முறைகள் சிலவற்றைத் தொகுத்துரைப்போம்.

முதலில், விண்ணப்பம் சிறியதாயிருத்தல் வேண்டும். எத்தனை பிள்ளைகள், எந்த இடம், வாரத்தில் எத்தனை நாள், பயிற்றுபவர் யார், தொகை எதற்கு என்னும் ஐந்து வினாக்களுக்கு ஒரு தாளில் விடையிறுக்கலாம். சிறுதொகைக்குப் பத்துத் தாள் நிரப்பச் சொன்னால், எழுத்துத் திறனுடையார் பெறுவர். பிள்ளைகளோடு வெயிலில் நிற்பவர் பெறார்.

இரண்டாவதாக, முன்னரே தொடங்கியவருக்கு முதலிடம் தருதல் நன்று. நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டேனும் ஒருவர் ஆடத் தொடங்கியிருப்பின், அவர் ஊக்கத்துக்கு அதனினும் மேலான சான்று வேண்டா.

மூன்றாவதாக, பெறுவோரும் தம் பங்கிற்கு ஏதேனும் ஈதல் வேண்டும். அது பணமாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. மைதானத்தைத் துப்புரவு செய்தலும், மாலையில் இரண்டு மணி நேரம் உடன் நிற்றலும் பங்கேயாம்.

நான்காவதாக, கணக்குக் கேட்டல் வேண்டும்; கொடையின் அளவுக்கேற்பக் கேட்டல் வேண்டும். பற்றுச்சீட்டுகளும், வந்த பிள்ளைகளின் வரவுப் பதிவும், அரைப்பக்கக் குறிப்பும் போதும். வரவுப் பதிவில் ஆண்பிள்ளைகள் எத்தனை, பெண்பிள்ளைகள் எத்தனை எனத் தனித்தனியே கேட்டால் யார் விடுபட்டனர் என்பது தானே புலப்படும்.

ஐந்தாவதாக, இரண்டாம் ஆண்டினை மறவாதிருத்தல். புதியதைத் தொடங்குவோருக்குக் கொடுப்பதிற் கொடையாளருக்கு மகிழ்ச்சி உண்டு. தொடர்ந்து நடப்பதற்குக் கொடுப்பதில் அத்துணைப் புகழ் இல்லை. எனினும் தட்டுகள் தொலையும், கூம்புகள் உடையும், முதல் ஆண்டுப் பிள்ளைகள் உயர்வகுப்புக்குச் செல்வர். இரண்டாம் ஆண்டின் சிறுதொகை முதலாண்டுத் தொகையைக் காக்கும் வேலி.

சிறுகொடை தோற்கும் இடமும் உண்டு. அது ஓர் ஆசிரியரையே முழுதும் நம்பி நிற்கும் இடம். அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் தட்டுகள் அலுமாரியில் உறங்கும். நம் பாடசாலைகளிலும் எத்தனை மன்றங்களும் அணிகளும் இவ்வாறு மறைந்தன என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். ஆதலின் ஒருவரைப் பயிற்றக் கொடுக்கும் தொகையை இருவரைப் பயிற்றப் பயன்படுத்துதல் வேண்டும்; உயர்வகுப்பு மாணவர் இருவரையும் உடன் பழக்குதல் வேண்டும். இவ்விளையாட்டினை ஆக்கியவர்களே மாணவர் என்பதை ஈண்டு நினைவு கூர்க.

சென்னையும் பிறவும்

இவ்விளையாட்டு நமக்கு அண்மையிலும் வேரூன்றியுள்ளது. சென்னைக் கடற்கரை மணலில், மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளும் வசதியுள்ள குடும்பத்தவரும் ஒன்றாக நின்று இதனை ஆடி வந்துள்ளனர். அத்தகைய அணியொன்றைப் பற்றிய '175 கிராம்' என்னும் பொருள்படும் பெயருடைய குறும்படம் 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது. தட்டின் நிறையே படத்தின் பெயர். வேறெங்கும் ஒன்றாக அமர வாய்ப்பில்லாத இளையோர், மத்தியஸ்தரின்றி ஆடும்போது ஒருவரோடு ஒருவர் பேசியே ஆகவேண்டும். சாதியும் செல்வமும் அப்பேச்சில் இடைநுழைய அஞ்சும்.

மத்திய கிழக்கிலும் 2009ஆம் ஆண்டில் 'அல்டிமேற் பீஸ்' என்னும் முயற்சி தொடங்கப் பெற்றது. யூத இளையோரையும் அரபு இளையோரையும் கலந்து அணிகளாக்கி ஆடச் செய்வதே அதன் நோக்கம். பகைமை நூற்றாண்டுக் கணக்கிலும், கொடை சில தட்டுகளும் சில நாட் பயிற்சியுமாயிருக்க, ஒரு விளையாட்டினால் அப்பகை தீரும் என்று எவரும் கூறார், நாமும் கூறோம். ஆயினும் "உன் கால் கோட்டின் மேல் இருந்ததா?" என்று ஒருவன் கேட்க, மற்றவன் உண்மையாக விடையிறுப்பது சிறிய காரியமன்று. போரைக் கண்ட நாட்டவராகிய நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நம் கல்லூரிக்கு

நம் கல்லூரியில் துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் நெடுங்காலப் பெருமை உடையன. அவற்றைக் குறைத்துக் கூறுதல் நம் கருத்தன்று. தென்னை மட்டையும் ரெனிஸ் பந்தும் கொண்டு ஒழுங்கைகளில் ஆடி வளர்ந்தவரே நாமும். ஆனால் பதினொருவர் ஆடும்போது வேலியோரம் நின்று பார்ப்பவர் பலர். இல்ல விளையாட்டுப் போட்டியன்று மட்டும் காலணி கட்டி, ஏனைய நாளெல்லாம் ஆடாதிருக்கும் மாணவர் பலர். அவர்களுக்கும் ஒரு மாலைப்பொழுது வேண்டும்.

யூபிலி நிதியில் நூற்றில் ஒரு பங்கினை ஒதுக்கி, ஆண்டுதோறும் மாணவர் விளையாட்டு முயற்சிகள் சிலவற்றுக்குச் சிறுகொடையாக வழங்கலாகாதா என்பதே பழைய மாணவரிடம் நாம் முன்வைக்கும் வினா. அது அல்டிமேற்றாக இருப்பினும் நன்று. எல்லேயாகவோ, சதுரங்கமாகவோ, நீண்டதூர ஓட்டமாகவோ இருப்பினும் நன்று. எதனை ஆடுவது என்பதை மாணவரே பிரேரிக்கட்டும். வேடிக்கையாகப் பிரேரித்தாலும் கேட்போம். விண்ணப்பம் ஒரு தாள்; கணக்கு அரைத்தாள்; பொறுப்பாளர் இருவர். கொடுத்தவர் பெயர் கல்லில் இடம் பெறாது. ஆயினும் வெளியூர்ப் போட்டிக்குப் பேருந்து புறப்படும் காலையில், வராது போயிருக்கக் கூடிய மாணவன் ஒருவன் அதில் ஏறி அமர்ந்திருப்பான். அக்கொடைக்கு அவனே சான்று.

யூபிலி காணும் நம் கல்லூரி நீடு வாழ்க.